நகர்த்துவது ஒன்று, அழுத்துவது வேறொன்று: கை அசைவு குறைந்தவர்களுக்கு மவுஸைப் பொருத்தமாக்குவது எப்படி?

மவுஸைப் பிடித்து ஒரு கோப்பைத் திறக்கிறோம். நொடியில் முடிந்துவிடும் இந்தச் செயலுக்குள் கை நான்கு வேலைகளைப் பார்க்கிறது. மவுஸைக் கவ்விப் பிடிக்கிறது, மேசைமீது நகர்த்துகிறது, கர்சர் உரிய இடத்துக்கு வந்ததும் அசையாமல் நிறுத்துகிறது, நிறுத்திய இடம் பிசகாமல் ஒரு விரலை மட்டும் அழுத்தி எடுக்கிறது. நலமான கைக்கு இவை நான்கும் ஒரே வேலையாகத்தான் தெரியும். பக்கவாதத்தால் தளர்ந்த கை, மூட்டு வீங்கிய கை, நடுங்கும் கை, விரல்களை மடக்க முடியாத கை ஆகியவற்றில் இந்த நான்கும் ஒருசேரப் போய்விடுவது குறைவு. பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் போகின்றன. மிச்சம் இருப்பது எது என்று பார்த்து, போனதை மட்டும் வேறு வழிக்கு மாற்றினால் கணினி மறுபடியும் வசப்படும்.

இதில் நான் உறுதியாக நம்புவது ஒன்று உண்டு. நகர்த்துவதையும் அழுத்துவதையும் ஒரே கைமேல் சுமத்தியதுதான் சிக்கலின் வேர். அவ்விரண்டையும் பிரித்துவிட்டால், விலையுயர்ந்த கருவி எதுவும் வாங்காமலே பலருடைய சிரமம் பாதியாகிவிடும்.

அவை ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. டக்ளஸ் ஏங்கல்பார்ட்டின் யோசனைப்படி பில் இங்கிலீஷ் 1964-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்தில் செய்த முதல் மவுஸ், ஒரு மரப்பெட்டிக்குள் இரண்டு சக்கரங்களும் மேலே ஒரு பொத்தானும் கொண்டது. நகர்வும் அழுத்தமும் ஒரே பெட்டிக்குள் அன்றைக்கு வந்தவை, இன்றுவரை பிரியவில்லை. ஆனால் அதற்கும் முன்பே, 1952-இல், கனடா கடற்படையின் டேட்டார் திட்டத்தில் பொறியாளர்கள் ஒரு பௌலிங் பந்தை நிலையான ஒரு சட்டத்தில் பொருத்தி, அதைச் சுழற்றித் திரையில் குறியை நகர்த்தியிருக்கிறார்கள். நாம் இப்போது டிராக்பால் என்று அழைக்கும் கருவி மவுஸைவிட மூத்தது.

கருவிக்கு முன்னால் கை

வீட்டில் ஒருவருக்குக் கை முடியாமல் போனதும், இணையத்தில் தேடி "சிறப்பு மவுஸ்" ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். அது இரண்டு நாளில் அலமாரிக்குள் போய்விடுகிறது. அவர் கணினியில் வேலை செய்வதைச் சற்று நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்கும்.

முடக்குவாதத்தில் வலி விரல் மூட்டுகளிலும் மணிக்கட்டிலும் இருக்கும்; தோளும் முழங்கையும் ஓரளவு நன்றாகவே இயங்கலாம். அவருக்குக் கர்சரைக் கொண்டுபோவதில் சிரமம் இல்லை. கவ்விப் பிடிப்பதும் அழுத்துவதும்தான் நோகின்றன. நடுக்கம் உள்ளவர்களிடமும் இரண்டு வகை உண்டு. பார்க்கின்சன் நடுக்கம் கை சும்மா இருக்கும்போது அதிகமாகி, வேலை செய்யத் தொடங்கினால் பெரும்பாலும் சற்றுத் தணியும். எசென்ஷியல் ட்ரெமர் எனப்படும் நடுக்கம் இதற்கு நேர்மாறு: கை வேலையில் இறங்கும்போதுதான் கூடும், சிலருக்கு இலக்கை நெருங்க நெருங்க இன்னும் கூடும். இவர்களுக்குப் போனது மூன்றாவது வேலை, அதாவது நிறுத்துவது.

கழுத்துத் தண்டுவடத்தில் ஆறாவது நரம்பு மட்டத்தில் காயம் பட்டவர்களுக்கு மணிக்கட்டை மேல்நோக்கி வளைக்க முடியும். விரல்களைத் தாமாக மடக்க இயலாது. மவுஸைக் கவ்வ முடியாத அந்தக் கை, ஒரு பெரிய பந்தை உள்ளங்கையின் ஓரத்தால் உருட்டும். தசைச்சிதைவு நோயில் நிலைமை வேறு. கையைத் தூக்கவே முடியாத கட்டத்திலும், பலருக்கு விரல் நுனிகளில் ஓரிரு சென்டிமீட்டர் அசைவு நுட்பம் குறையாமல் இருக்கும். நடுக்கம் உள்ளவருக்குக் கர்சரின் வேகத்தைக் குறைக்க வேண்டும். இவருக்குக் கூட்ட வேண்டும். இருவருக்கும் ஒரே "மாற்றுத்திறனாளி மவுஸ்" என்று ஒன்றை நீட்டினால் ஒருவருக்கு நிச்சயம் பொருந்தாது.

கையைப் பார்க்கும்போதே உட்காரும் விதத்தையும் பார்த்துவிடுங்கள். முழங்கை அந்தரத்தில் தொங்கினால் தோள்பட்டையின் பலமெல்லாம் கையைத் தூக்கிப் பிடிப்பதிலேயே தீர்ந்துவிடும். முன்கை முழுவதும் மேசையில் படியும்படி நாற்காலியின் உயரத்தை மாற்றுவதும், மவுஸுக்கு அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு போடுவதும் சில நேரம் புதிய கருவியைவிட அதிகப் பலன் தரும். இதையெல்லாம் முறையாக அளந்து சொல்லக்கூடியவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர். மறுவாழ்வுப் பிரிவு உள்ள மருத்துவமனைகளில் அவரைக் கேட்டுப் பாருங்கள்.

காசில்லாமல் கிடைப்பவை

விண்டோஸ் கணினியில் இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், நம் லாக் (Num Lock) ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் மவுஸ் கீஸ் என்ற வசதியைத் தொடங்கலாமா என்று கணினி கேட்கும். அதை இயக்கிவிட்டால் விசைப்பலகையின் வலப்புற எண் பகுதியே மவுஸாகிவிடும். 8 மேலே, 2 கீழே, 4 இடப்பக்கம், 6 வலப்பக்கம். மூலை எண்கள் சாய்வாக நகர்த்தும். 5 அழுத்தினால் கிளிக். கூட்டல் குறி இரட்டைக் கிளிக். 0 அழுத்தினால் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருப்பதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். புள்ளியை அழுத்தினால் விட்டுவிடும். ஒரே விரலோ வாயில் கவ்விய குச்சியோ இருந்தால் போதும், மவுஸின் வேலை அனைத்தும் நடக்கும். எண் பகுதி இல்லாத மடிக்கணினிக்கு யூஎஸ்பி எண்பலகை தனியாகக் கிடைக்கிறது. அதை மடியிலோ சக்கர நாற்காலியின் கைப்பிடியிலோ வைத்துக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதி. மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்த முடியாதவருக்கு அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதியிலும் இதை இயக்க முடியும்.

மவுஸின் கூடுதல் அமைப்புகளுக்குள் கிளிக்லாக் என்று ஒன்று இருக்கிறது. பொத்தானைச் சற்று நேரம் அழுத்திவிட்டு விரலை எடுத்தாலும் அழுத்தம் அப்படியே பூட்டிக்கொள்ளும். மறுபடி ஒரு கிளிக் செய்தால் விடும். ஒரு கோப்பை இழுத்து வேறு கோப்புறையில் போடுவது, பத்தியைத் தேர்வு செய்வது போன்றவை கைக்கு மிகக் கடினமான வேலைகள். ஏனென்றால் அங்கே அழுத்திக்கொண்டே நகர்த்த வேண்டியிருக்கிறது. கிளிக்லாக் அந்த முடிச்சை அவிழ்க்கிறது. இரட்டைக் கிளிக் தடுமாறுகிறதா? கோப்புறை விருப்பங்களில் ஒற்றைக் கிளிக்கிலேயே திறக்கும்படி மாற்றிவிடலாம். அல்லது ஒரு கிளிக் செய்துவிட்டு என்டர் விசையை அழுத்தலாம்.

அழுத்தவே முடியாதவர்களுக்கு, கர்சரை ஒரே இடத்தில் சிறிது நேரம் நிறுத்தினாலே கிளிக்காக எடுத்துக்கொள்ளும் வசதி உண்டு. ஆங்கிலத்தில் இதற்கு ட்வெல் என்று பெயர். மேக் கணினியிலும், லினக்ஸின் க்னோம் மேசைத்தளத்திலும் இது உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் மவுஸை இணைத்தாலும், ஐபோனில் அசிஸ்டிவ்டச் என்ற வசதி மூலம் மவுஸை இணைத்தாலும் கிடைக்கும். பல வீடுகளில் கணினியே இல்லை, போன்தான் இருக்கிறது. ஓடிஜி இணைப்பை (யூஎஸ்பி கருவிகளைப் போனில் செருக உதவுவது) ஏற்கும் ஆண்ட்ராய்டு போனில் டிராக்பாலைச் செருகினால், தொடுதிரையைத் தொட முடியாத கையும் அந்தப் போனைப் பயன்படுத்தும் என்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை.

நடுங்கும் கைக்கு முதலில் செய்ய வேண்டியது திரையில் உள்ளவற்றைப் பெரிதாக்குவது. அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இல் ஒரு விதியைக் கண்டறிந்தார்: இலக்கு எவ்வளவு சிறியதோ, எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, அவ்வளவு நேரம் அதை எட்டுவதற்கு ஆகும். கையை மாற்ற முடியாத இடத்தில் இலக்கை மாற்றலாம் அல்லவா? திரை அளவை 150 சதவீதம் ஆக்கினால் ஒவ்வொரு பொத்தானும் அகலத்தில் ஒன்றரை மடங்காகிறது. கூடவே கர்சர் வேகத்தைக் குறைத்து, "என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்" என்ற தேர்வை நீக்கிப் பாருங்கள். பெயருக்கு அது துல்லியம் கூட்டுவது என்றாலும், கை வேகமாக அசையும்போது கர்சரை இன்னும் அதிகத் தூரம் தள்ளுவதுதான் அதன் வேலை. நடுங்கும் கைக்கு அது உதவாது. நடுக்கத்தை வடிகட்டும் மென்பொருள்களும் உண்டு. ஸ்டெடிமவுஸ் அவற்றில் அறியப்பட்டது. வேண்டுமென்று செய்யும் அசைவு மெதுவானது, நடுக்கம் விரைவானது. விரைவானதைக் கழித்துவிட்டு மெதுவானதை மட்டும் கர்சருக்கு அனுப்புவதே இந்த வடிகட்டிகள் அனைத்துக்கும் அடிப்படை.

பந்தும் குச்சியும்

டிராக்பாலில் கருவி நகர்வதில்லை. பந்து மட்டும் சுழல்கிறது. அதனால் கவ்விப் பிடிக்கும் வேலை அடியோடு போய்விடுகிறது. கர்சரை இலக்குக்குக் கொண்டுவந்ததும் பந்திலிருந்து கையை முழுவதுமாக எடுத்துவிட்டு, பிறகு நிதானமாகப் பொத்தானை அழுத்தலாம். கர்சர் வைத்த இடத்தில் நிற்கும். மிச்சமுள்ள மூன்று வேலைகளும் ஒவ்வொன்றாகப் பிரிந்து வரிசையில் வந்துவிடுகின்றன. அசைவு குறைந்தவருக்கு ஒரே ஒரு கருவியைத்தான் வாங்க முடியும் என்றால் நான் டிராக்பாலைத்தான் சொல்வேன்.

ஆனால் எந்த டிராக்பால் என்பது முக்கியம். கடைகளில் எளிதில் கிடைப்பவற்றில் பல, பந்தைக் கட்டைவிரலால் உருட்டும்படி அமைந்தவை. மொத்தச் சுமையும் கட்டைவிரல் மூட்டில் விழுவதால், மூட்டுவலி உள்ளவருக்கு அவை கெடுதலாகவே முடியும். பந்து நடுவில் இருந்து, இரண்டு பக்கமும் பொத்தான்கள் கொண்ட வகை இடக்கைக்கும் வலக்கைக்கும் பொருந்தும். கென்சிங்டனின் எக்ஸ்பர்ட் மவுஸில் பந்தின் விட்டம் 55 மில்லிமீட்டர். பிக்டிராக் என்ற டிராக்பாலில் சுமார் 75 மில்லிமீட்டர். உள்ளங்கையாலோ முஷ்டியாலோ காலாலோகூட உருட்டலாம். அசைவு பெரிதாகவும் கட்டுக்குள் அடங்காமலும் வரும் பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள குழந்தைகளுக்குப் பெரிய பந்து ஏற்றது. ஓரிரு சென்டிமீட்டர் அசைவே உள்ளவருக்குச் சின்னப் பந்தோ, மடிக்கணினியின் டச்பேடோ போதும். டச்பேடில் தட்டினாலே கிளிக் ஆகும் அமைப்பு வலுவில்லாத விரலுக்கு வரம். நடுங்கும் விரலுக்குத் தொல்லை. அவரவருக்கு ஏற்ப அதை இயக்கியோ நிறுத்தியோ வைக்க வேண்டும்.

ஜாய்ஸ்டிக்கின் தர்க்கம் வேறு. மவுஸில் கை எவ்வளவு தூரம் போகிறதோ, அதற்கேற்பக் கர்சரும் போகும். ஜாய்ஸ்டிக்கில் குச்சியைச் சாய்த்து வைத்திருக்கும்வரை கர்சர் போய்க்கொண்டே இருக்கும்; விட்டால் நிற்கும். ஒரு சின்னச் சாய்வாலேயே திரையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்விடலாம். மின்சக்கர நாற்காலி ஓட்டுபவர்களின் கை இதற்கு ஏற்கெனவே பழகியிருக்கும். சில நாற்காலிகளில் ஓட்டும் ஜாய்ஸ்டிக்கையே புளூடூத் வழியாகக் கணினிக்கு மவுஸாக மாற்றிக்கொள்ளும் இணைப்பு உண்டு. விற்பனையாளரிடம் கேட்டால் சொல்வார். மின்னணுவியலில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு ஒரு குறிப்பு: ஆர்டுயினோ லியனார்டோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை, கணினிக்குத் தன்னை மவுஸாகவே காட்டிக்கொள்ளும் திறன் உள்ளது. அதோடு ஒரு சிறிய ஜாய்ஸ்டிக் பாகத்தை இணைத்தால் சொந்தமாக ஒரு ஜாய்ஸ்டிக் மவுஸ் செய்துவிடலாம். கல்லூரித் திட்டப்பணிக்கு இதைவிடப் பயனுள்ள தலைப்பு எனக்குத் தெரிந்து குறைவு.

கிளிக்கைக் கையிலிருந்து பிரிப்பது

கர்சரை நகர்த்த முடிகிறது, அழுத்தத்தான் முடியவில்லை என்பவர்கள் ஏராளம். அழுத்தும் நொடியில் கை முழுவதும் இறுகிக் கர்சர் விலகிப்போகும். அல்லது விரலில் அந்த வலு இருக்காது. அவர்களுக்கு உள்ள நேரான வழி, கிளிக்கை உடலின் வேறு பாகத்துக்குக் கொடுத்துவிடுவது. பாதம், முழங்கால், முழங்கை, கன்னம் என எங்கே நம்பகமான ஓர் அசைவு இருக்கிறதோ அங்கே ஒரு சுவிட்சை வைத்தால் போதும்.

இதற்கு ஒரு சாதாரணக் கம்பி மவுஸையே மாற்றிக்கொள்ளலாம். கம்பியில்லா மவுஸ் வேண்டாம். பேட்டரியை மிச்சப்படுத்த அது அடிக்கடி தூங்கிவிடும். மவுஸின் அடியில் உள்ள திருகைக் கழற்றுங்கள். திருகு தெரியவில்லையென்றால் ஒட்டுத்தாளுக்கோ வழுக்குப் பட்டைக்கோ அடியில் இருக்கும். மேல்மூடியை எடுத்தால் இடப்பொத்தானுக்குக் கீழே ஒரு சின்ன மைக்ரோசுவிட்ச் தெரியும். பெரும்பாலும் அதற்கு மூன்று கால்கள். மவுஸைக் கணினியிலிருந்து பிரித்துவிட்டு, மல்டிமீட்டரை மின்னிணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் (கன்டினியுட்டி) நிலையில் வைத்து, சாதாரணமாக இணைப்பில்லாமலும் அழுத்தும்போது மட்டும் இணைந்தும் வரும் இரண்டு கால்களைக் கண்டுபிடியுங்கள். அந்த இரண்டிலும் மெல்லிய கம்பிகளைச் சால்டர் செய்து வெளியே இழுத்து, 3.5 மில்லிமீட்டர் மோனோ ஜாக் துளை ஒன்றில் முடியுங்கள். எந்தக் கம்பி எந்த முனையில் போனாலும் பரவாயில்லை. பழைய பொத்தானும் வேலை செய்யும், வெளியே செருகும் சுவிட்சும் வேலை செய்யும்.

3.5 மில்லிமீட்டர் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கென்று விற்கப்படும் சுவிட்சுகள் உலகெங்கும் பெரும்பாலும் இந்த அளவு முனையோடுதான் வருகின்றன. கை அசைவு குறைந்தவர்கள் வீடியோ கேம் விளையாட மைக்ரோசாஃப்ட் 2018-இல் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரின் பின்புறத்தில் வரிசையாக இருப்பவையும் இதே துளைகள்தான். வாங்கும் வசதி இல்லையென்றால், வாசலில் மாட்டும் அழைப்புமணிப் பொத்தானே நல்ல சுவிட்ச். அழுத்தினால் இணைந்து, விட்டால் தானே திரும்பிவிடும். விளக்குக்குப் போடும் சுவிட்ச் ஆகாது, அது அழுத்திய நிலையிலேயே நின்றுவிடும். ஒரு எச்சரிக்கை: இந்தச் சுற்றில் ஓடுவது யூஎஸ்பியின் சிறு மின்சாரம். வெளியிலிருந்து வேறு எந்த மின்னிணைப்பையும், வீட்டு மின்சாரத்தில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் பொத்தானையும் இதில் சேர்க்கக் கூடாது.

சுவிட்சை எங்கே வைப்பது என்பதில் அவசரப்படாதீர்கள். வலுவான அசைவைவிட, களைத்த பிறகும் தவறாமல் வரும் அசைவே மேல். அழுத்துவதைப் போலவே விடுவதும் எளிதாக இருக்க வேண்டும். பெருமூளை வாதத்தில் சிலருக்கு அழுத்துவது சுலபமாகவும் விடுவது கடினமாகவும் இருக்கும்.

கை முற்றிலும் இயலாதபோது

தலையை அசைத்துக் கர்சரை நகர்த்த, மடிக்கணினியில் உள்ள வெப்கேமரா போதும். இவியாகேம் என்ற திறந்த மூல மென்பொருள் முகத்தின் அசைவைப் பின்தொடர்ந்து கர்சரை நகர்த்துகிறது. நிறுத்தினால் கிளிக் ஆகும் வசதியும் அதிலேயே இருக்கிறது. பாஸ்டன் கல்லூரியில் உருவான கேமரா மவுஸும் இலவசம். கழுத்து சீக்கிரம் வலிக்கும் என்பதால், சிறு தலையசைவுக்கே கர்சர் போதிய தூரம் போகும்படி வேகத்தைக் கூட்டி வைக்க வேண்டும். உதட்டால் நகர்த்தி, காற்றை உறிஞ்சியும் ஊதியும் கிளிக் செய்யும் ஜாய்ஸ்டிக்குகள் உண்டு. லிப்சிங்க் என்ற ஒன்றின் வரைபடங்களைக் கனடாவின் மேக்கர்ஸ் மேக்கிங் சேஞ்ச் குழு எவரும் செய்துகொள்ளும்படி திறந்து வைத்திருக்கிறது.

கண் அசைவைப் பின்தொடரும் கருவிகள், அகச்சிவப்பு ஒளி கருவிழியில் பட்டுத் திரும்புவதைப் படம்பிடித்து, பார்வை திரையில் எங்கே விழுகிறது என்று கணக்கிடுகின்றன. அரை டிகிரி பிழை இருந்தாலும், 60 சென்டிமீட்டர் தொலைவில் அது சுமார் 5 மில்லிமீட்டர் ஆகிவிடும். அதனால் பொத்தான்கள் பெரிதாக இருந்தே ஆக வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. கண் பார்ப்பதற்கானது, பார்த்த இடத்திலெல்லாம் கிளிக் விழுந்தால் எதையும் நிம்மதியாகப் படிக்க முடியாது. தொட்டதெல்லாம் பொன்னான மைடாஸ் மன்னனின் பெயரை இந்தச் சிக்கலுக்கு வைத்திருக்கிறார்கள். இங்கேயும் தீர்வு அதேதான்: கண் நகர்த்தட்டும், உடலில் எங்காவது ஒரு சுவிட்ச் அழுத்தட்டும். சுவிட்சை இயக்க ஒரு தசைகூட ஒத்துழைக்காதபோதுதான் பார்வையை நிறுத்தி வைத்துக் கிளிக் செய்யும் முறைக்குப் போக வேண்டும்.

நகர்த்துவதை முழுவதுமாகக் கணினியிடமே விட்டுவிடும் முறையும் இருக்கிறது. திரையில் தேர்வுகள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்துகொண்டு போகும்; வேண்டியது ஒளிரும்போது ஒரே ஒரு சுவிட்சை அழுத்தினால் போதும். ஸ்டீபன் ஹாக்கிங் தொடக்கத்தில் கையால் அழுத்தும் சுவிட்சாலும், பின்னர் கன்னத்தின் அசைவை மூக்குக்கண்ணாடியில் பொருத்திய உணரி கண்டறியும் முறையாலும் இப்படித்தான் எழுதினார். அவருக்காக இன்டெல் உருவாக்கிய ஏகேட் மென்பொருள் 2015-இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. ஆண்ட்ராய்டு போனில் ஸ்விட்ச் அக்சஸ் என்ற பெயரில் இதே முறை கிடைக்கிறது.

இணையதளமும் செயலியும் செய்பவர்களுக்கு இங்கே ஒரு கடமை இருக்கிறது. 2023 அக்டோபரில் வெளியான இணைய அணுகல் வழிகாட்டுதல்களின் 2.2 பதிப்பு, சில விதிவிலக்குகள் நீங்கலாக, அழுத்த வேண்டிய ஒவ்வொன்றும் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்றும், இழுத்துச் செய்யும் வேலைகளுக்கு இழுக்காமல் செய்யும் மாற்றுவழி வேண்டும் என்றும் கேட்கிறது. ஒரு படிவத்தில் தேதியைத் தேர்வு செய்யும் கட்டங்கள் நெருக்கமாக இருந்தால், நடுங்கும் கை பக்கத்துத் தேதியில்தான் விழும்.

தமிழில் எழுதுபவர்களுக்கும் ஒரு செய்தி. திரை விசைப்பலகையில் ஒவ்வொரு எழுத்துக்கும் கர்சரை நிறுத்திக் காத்திருப்பவருக்கு, மிச்சமாகும் ஒவ்வொரு விசையும் ஒரு நொடி ஓய்வு. ஆங்கில ஒலிபெயர்ப்பு முறையில் ணகர, ளகரங்களுக்குப் பெரும்பாலும் ஷிஃப்ட் வேண்டும். தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில் தமிழ் எழுத்துகளுக்கு ஷிஃப்ட் தேவையில்லை; ஒரே மெய்யை இருமுறை தட்டினாலும், "ந்த", "ம்ப" போன்ற இணைகள் வந்தாலும் புள்ளி தானாக விழும். "அம்மா" என்று எழுத நான்கே விசைகள் போதும்.

புதிய முறை எதைக் கொண்டுவந்தாலும் பழைய மவுஸைக் கழற்றிவிடாதீர்கள். ஒரே கணினியில் இரண்டு மூன்று சுட்டும் கருவிகள் ஒரே நேரத்தில் வேலை செய்யும்; உதவிக்கு வருபவர் மவுஸைத் தொடட்டும், கை அசைவு குறைந்தவர் தம் டிராக்பாலைத் தொடட்டும். புதியதைப் பழக, அவருக்குப் பிடித்த வேலையையே கொடுங்கள். வங்கிப் பணப் பரிமாற்றத்தில் தொடங்க வேண்டாம். காலையில் ஒருமுறையும் களைத்த மாலையில் ஒருமுறையும் பார்த்துவிட்டு வேகத்தையும் காத்திருப்பு நேரத்தையும் மாற்றுங்கள். தசைச்சிதைவு, நரம்புச் சிதைவு போன்ற வளரும் நோய்கள் உள்ளவருக்கு, கை இன்னும் ஒத்துழைக்கும்போதே அடுத்த முறையை வாரம் சில நிமிடங்களாவது பழக்கிவிடுங்கள். கையை விட வேண்டிய நாளில், தலையசைவோ கன்னச் சுவிட்சோ அவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றாக இருக்கும்.